நாலு நட்டும் ஒரே பக்கம்

அத்தியாயம் 9

"பாஸ், இந்தப் படத்துல என்ன இல்லைன்னு சொல்லுங்க பார்ப்போம்" என்றான் ஷனீல், பொட்டலத்து ரொட்டியை மென்றபடியே.

அக்கனீசி அண்ணாந்து பார்த்தாள். வைசாவு நகரத்தின் கடலோரம். கரும்பு ரயில் தண்டவாளத்தை ஒட்டி மூன்று ஆள் உயரத்துக்கு ஒரு விளம்பரப் பலகை. 'நாளைய வைசாவு' என்று தலைப்பு. நீலமாகக் கடல், வெள்ளையாக ஹோட்டல், அதைவிட வெள்ளையாக ஒரு பெண்மணி. அவள் கையில் கோப்பை, காலடியில் நாய்க்குட்டி.

"ரயில் இல்லை."

"அது கழுதை கூடச் சொல்லும்."

"நம்ம ஊர்க்காரங்க யாருமே இல்லை."

"அங்கதான் ஏமாந்தீங்க. இருக்காரே! அதோ பின்னால, தட்டை ஏந்திக்கிட்டு நிக்கிறாரு பாருங்க."

அக்கனீசி மூக்கால் ஒரு சத்தம் எழுப்பினாள். முப்பது வருஷம் போலீஸில் இருந்து இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்று, இப்போது தனியாகத் துப்பறிகிறவள். லாவு தீவுக்காரி. ஐம்பத்தெட்டு வயது, நூற்றுப் பத்துக் கிலோ. பனையோலை விசிறி இல்லாமல் வெளியே கிளம்பமாட்டாள். ஷனீல் முன்பு டாக்ஸி ஓட்டியவன். இப்போது அவளுடைய உதவியாளன். டாக்ஸி ஓட்டிய காலத்தில் பயணிகளிடம் பேசிய பேச்சை இன்னும் நிறுத்தவில்லை.

மணி பன்னிரண்டு பத்து. மூன்று மணிக்கு ஒரு மனிதனின் கதையை முடிக்க ஏற்பாடாகியிருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, இதே இடத்தில், கரும்பு ஏற்றி வந்த ரயிலின் மூன்றாவது பெட்டி தடம் புரண்டது. பின்னால் வந்த நான்கு பெட்டிகளும் அதோடு படுத்துக்கொண்டன. ஒரு பழக்கடையும் இரண்டு சைக்கிள்களும் சட்னி. பழக்காரி டீ குடிக்கப் போயிருந்ததால் பிழைத்தாள். டிரைவர் பர்மேஷ் கவுண்டருக்கு நெற்றியில் மூன்று தையல்.

இன்று வியாழன். இரண்டே நாளில் சர்க்கரை மில்லின் ரயில் மேனேஜர் தத், விசாரணை என்ற சிரமமே இல்லாமல் தீர்ப்பை டைப் அடித்துவிட்டார். டிரைவர் காலையிலேயே யங்கோனா என்ற வேர்ச்சாற்றைக் குடித்திருந்தார், போதையில் வேகமாக ஓட்டினார். மூன்று மணிக்கு நகரசபை உறுப்பினர்கள் முன்னிலையில், சம்பவ இடத்திலேயே, பர்மேஷ் அதில் கையெழுத்துப் போடவேண்டும். போட்டால் வேலை போகும். போடாவிட்டால் வேலையும் போகும், வழக்கும் வரும். எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்று தத் பெருந்தன்மையோடு சொல்லியிருந்தார்.

கையெழுத்தின் மை காயும் முன்பே நகரசபை கை தூக்கும். கடலோரத்துத் தண்டவாளத்தைப் பிடுங்கி மூன்று கிலோமீட்டர் உள்ளே கொண்டுபோய்ப் போடு என்று தீர்மானம் நிறைவேறும். புதுப் பாதை போகிற இடத்தில் நாற்பது வீடுகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று பர்மேஷின் வீடு.

"ஆளையும் கவுத்துட்டு, அவர் வீட்டு மேலயே ரயிலையும் விடப் போறாங்க" என்றான் ஷனீல். "எவ்வளவு அழகா யோசிச்சிருக்காங்க! ஆனா பாஸ், எனக்கு ஒண்ணு புரியல. தண்டவாளம் ஆபத்துன்னு சொன்னாலே போதுமே. டிரைவரை எதுக்குப் பிடிக்கணும்?"

"தண்டவாளம் கெட்டுப்போச்சுன்னு சொன்னா, சரி, ரிப்பேர் பண்ணுன்னு சொல்லிடுவாங்க. ரெண்டு நாள் வேலை. டிரைவர்தான் கெட்டவன்னு சொன்னா? நாளைக்கு வேற ஒரு டிரைவர் குடிப்பான். மனுஷனை ரிப்பேர் பண்ண முடியுமா? அதனால ரயிலையே தூக்கு."

"அடப்பாவிகளா!" என்றபடி ஷனீல் பொட்டலக் காகிதத்தைச் சுருட்டிக்கொண்டு, தண்டவாளத்தைத் தாண்டி எதிரே இருந்த பாதாம் மர நிழலுக்கு அடியெடுத்து வைத்தான்.

அக்கனீசி அவன் சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள்.

"செத்தடா நீ!"

"ஐயோ, மறந்தே போச்சு!"

தண்டவாளத்திலிருந்து கடல் வரைக்கும் உள்ள மண் நகேலே கிராமத்துக்குச் சொந்தம். கிராமத் தலைவர் இறந்து இன்றோடு அறுபத்து மூன்று நாள். நூறு இரவு முடியும்வரை அந்தப் பக்கம் மீன் பிடிக்கக் கூடாது, நண்டு பொறுக்கக் கூடாது, கால் வைக்கவும் கூடாது. தண்டவாளம்தான் எல்லை. கிராமத்தான் மட்டுமல்ல, டவுனில் காய்கறி விற்கிறவனும் பஸ் ஓட்டுகிறவனும்கூட அந்தத் துக்கத் தடையை மீறமாட்டான்.

அப்போது கடைத்தெருப் பக்கமிருந்து பர்மேஷ் வந்தார். நெற்றிக் கட்டு, தோய்த்து உலர்த்திய காக்கிச் சட்டை. ஐம்பத்து நான்கு வயது மனிதர், இரண்டு நாளில் அறுபதைத் தாண்டியிருந்தார்.

"மேடம், உண்மையைச் சொல்றேன். அன்னிக்கு நான் டீயைத் தவிர எதையும் தொடல. துக்க வீடு இருக்குன்னு இந்த இடத்துல ஹாரன் கூட அடிக்காம, நடக்கிற வேகத்துலதான் வந்தேன். இஞ்சின் தாண்டிச்சு. கீழ ஏதோ டக்குன்னுச்சு. திரும்பிப் பார்த்தா பெட்டி சாயுது."

"அப்புறம்?"

"தண்டவாளக் கேங் மேஸ்திரி ஈரோனி ஓடி வந்தாரு. ஆளுங்களை ஜாக்கி எடுத்துவரச் சொல்லி ஷெட்டுக்கு அனுப்பினாரு. என்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாரு. அரை மணி கழிச்சு மேனேஜர் வந்து தண்டவாளத்தைப் போட்டோ எடுத்திருக்காரு. போல்ட்டெல்லாம் சரியா இருக்கு, தப்பு டிரைவர் மேலதான்னு முடிச்சிட்டாரு."

"அதுக்கப்புறம் யாரும் தொடலையே?"

"பெட்டிகளைத் தூக்கினதும் கயிறு கட்டி வெச்சிட்டாங்களே மேடம்."

அக்கனீசி கயிற்றைத் தூக்கிக்கொண்டு குனிந்து உள்ளே போனாள். கடல் பக்கத்துத் தண்டவாளத்தில் இரண்டு துண்டுகள் சேருகிற இணைப்பு. உள்ளே ஒரு இரும்புப் பட்டை, வெளியே ஒரு இரும்புப் பட்டை, இரண்டையும் துளைத்துக்கொண்டு நான்கு போல்ட்டுகள். நான்கும் இறுக்கமாகத்தான் இருந்தன. அவள் மண்டி போட்டாள். அந்த உடம்பு மண்டி போடுவது ஊரார் வேடிக்கை பார்க்கிற காட்சி. காப்பிக்கடையில் இரண்டு பேர் எழுந்தே நின்றார்கள்.

"பர்மேஷ், இங்க வாங்க. பக்கத்து இணைப்பைப் பாருங்க. அப்புறம் இதைப் பாருங்க. என்ன வித்தியாசம்?"

பர்மேஷ் பார்த்தார். மறுபடி பார்த்தார். அவர் வாய் மெல்லத் திறந்தது.

"மேடம்... இதுல நாலு நட்டும் ஒரே பக்கம் இருக்கு!"

"இருந்தா என்ன?" என்றான் ஷனீல். "நட்டு எந்தப் பக்கம் இருந்தா நட்டுக்கென்ன?"

"அப்படிச் சொல்லாத தம்பி. எங்க லைன்ல ஒரு நட்டு உள்பக்கம்னா அடுத்தது வெளிப்பக்கம். மாத்தி மாத்தித்தான் போடுவோம். சக்கரம் தடம் மாறி ஒரு பக்கத்து நட்டையெல்லாம் சீவிட்டுப் போனாலும், மறுபக்கத்து ரெண்டு பிடிச்சுக்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே இதைத்தான் சொல்லிக்கொடுப்பாங்க."

அக்கனீசி மற்ற இணைப்புகளை நோட்டமிட்டாள். ஒன்று உள்ளே, ஒன்று வெளியே. கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒழுங்கு. இந்த ஒன்றில் மட்டும் நான்கு நட்டுகளும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஊர்ப் பக்கமே உட்கார்ந்திருந்தன. தவிர, கடல் பக்கத்துப் பட்டையில் நான்கைந்து புதுக் கீறல்கள். ஸ்பேனர் வழுக்கிய கீறல்கள். எல்லாமே மேலிருந்து கீழாக.

"காலையில யாரோ போல்ட்டைக் கழட்டியிருக்கான். பெட்டி கவுந்ததும் தண்டவாளத்தை நெம்பி நேராக்கி, அவசர அவசரமா மாட்டியிருக்கான்" என்றாள் அக்கனீசி.

ஷனீல் விரலைச் சொடுக்கினான். "கேஸ் முடிஞ்சுது பாஸ்! கேங் ஆளா இருந்தா மாத்தி மாத்திப் போட்டிருப்பான். போடல. அப்போ ரயில் வேலை தெரியாத ஆளு. ரயில் வேலை தெரியாம, ஆனா ரயில் கவுந்தா சந்தோஷப்படற ஆளு இந்த ஊர்ல யாரு?"

மூவரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தார்கள்.

தடைசெய்யப்பட்ட மணலில், பாதாம் மர நிழலில், கான்வாஸ் நாற்காலி போட்டுச் சாய்ந்திருந்தார் கிளைவ் பென்னிகாட். பிரிஸ்பேன்காரர். 'நாளைய வைசாவு' கம்பெனியின் முதலாளி. அரை டிராயர், கறுப்புக் கண்ணாடி, முழங்கால் வரை மணல். அவரைச் சுற்றிக் கடற்கரை முழுக்க ஆரஞ்சு நிற முளைக்குச்சிகள். கிராமத்தார் மூன்று முறை புகார் கொடுத்தார்கள். மூன்று முறையும் புகார் பரிசீலனையில் இருப்பதாக நகரசபை பதில் எழுதியது. பென்னிகாட்டின் நாற்காலி மட்டும் பரிசீலனைக்குக் காத்திருக்கவில்லை.

அக்கனீசி எல்லையில் நின்றபடியே குரல் கொடுத்தாள்.

"குட் ஆஃப்டர்நூன் மிஸ்டர் பென்னிகாட்! ரெண்டு கேள்வி."

"அடடே, ரிட்டயர்டு இன்ஸ்பெக்டர் அம்மாவா! வாங்க, இப்படி வந்து உக்காருங்க. ஐஸ் போட்ட பீர் இருக்கு."

"நாங்க இங்கயே நிக்கிறோம். செவ்வாய்க்கிழமை காலையில பத்து மணிக்கு எங்க இருந்தீங்க?"

"தண்ணிலதான். தினமும் ஒன்பதரையிலிருந்து பத்தரை வரைக்கும் நீச்சல். எதிர்ல காப்பிக்கடையில கேளுங்க. என் தொப்பையை ஊரே பார்த்திருக்கும்."

"ஆமா பாஸ்" என்று முணுமுணுத்தான் ஷனீல். "அதை மறக்க முடியாம காப்பிக்கடையில ரெண்டு பேர் வேலையை விட்டுட்டாங்களாம்."

"இதெல்லாம் எதுக்கு?" என்றார் பென்னிகாட். "ஒரு குடிகார டிரைவர், ஒரு துருப்பிடிச்ச ரயில். உலகத்துல எந்த நல்ல ஊர்லயாவது கடலுக்கும் ஹோட்டலுக்கும் நடுவுல கரும்பு போகுதா? கடலைப் பார்க்கற உரிமை மனுஷங்களுக்குத்தான், கரும்புக்கில்லை."

பர்மேஷின் முகத்தில் ரத்தம் ஏறியது. அக்கனீசி அவர் தோளில் விசிறியால் மெல்லத் தட்டினாள்.

"கடைசிக் கேள்வி. இவ்வளவு இடம் இருக்கே, ஏன் சேரை அங்க போட்டிருக்கீங்க?"

பென்னிகாட் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஏன்னா நிழல் இங்கதானே இருக்கு, மை டியர்! அந்தப் பக்கம் வெயில்ல உக்கார நான் என்ன பைத்தியமா?"

அக்கனீசியின் விசிறி நின்றது. அவள் முகத்தில், காலையிலிருந்து முதல் முறையாக, ஒரு புன்னகை வந்தது.

"ரொம்ப நன்றி சார். பெரிய உதவி."

கடைத்தெருவுக்குள் நுழைந்ததும் ஷனீல் பொறுமினான். "என்ன பாஸ், ஆளு நழுவிட்டாரே! தண்ணில இருந்தவரு எப்படி நட்டு மாட்ட முடியும்?"

"அவர் மாட்டல. அவர் மாட்டியிருந்தா நட்டு அந்தப் பக்கம்தான் இருக்கும்."

"எப்படிச் சொல்றீங்க?"

"நிழல் எங்க இருக்கோ, அங்க உக்காருற ஆளு அவரு. தடையாவது, துக்கமாவது! இந்த வேலையைச் செஞ்சவன் நிழலை விட்டுட்டு, கொதிக்கிற சரளைக்கல்லுல, ஊர்ப் பக்கமே மண்டி போட்டிருக்கான். கடல் பக்கத்து நட்டைக் கழட்டக்கூட எட்டி, மேலேர்ந்து ஸ்பேனரைப் போட்டிருக்கான். அதான் கீறல் எல்லாம் மேலேர்ந்து கீழ இறங்குது. ஏண்டா அவ்வளவு கஷ்டப்பட்டான்?"

ஷனீல் நடப்பதை நிறுத்தினான். "அந்தப் பக்கம் கால் வைக்கப் பயந்தான்."

"நீ டாக்ஸியை விட்டது வீண் போகல."

"அப்போ உள்ளூர்க்காரன். பாஸ், ரயிலைக் கவுக்கறவனுக்கு மணல்ல கால் வைக்கப் பயமா?"

"பழக்காரி செத்தாலும் பரவாயில்லை. ஆனா செத்துப்போன தலைவர் கோவிச்சுக்கக் கூடாது. சில பேருக்கு மனசாட்சி அவ்வளவு அகலம்தான்" என்றாள் அக்கனீசி. "மார்க்கெட்ல ஒரு கட்டு யங்கோனா வேர் வாங்கு. நல்லதா வாங்கு. நகேலேக்குப் போறோம்."

இறந்த தலைவரின் தம்பி ராத்து செமேசா பாயில் உட்கார்ந்திருந்தார். தலைவர் குலத்துக்கே உரிய ராத்து பட்டம், எழுபது வயது, கறுப்புச் சட்டை. அக்கனீசி குனிந்தே உள்ளே நுழைந்து, வேர்க்கட்டை அவர் முன் வைத்து, வந்த காரணத்தை முறையாகச் சொன்னாள். அவர் கட்டைத் தொட்டு ஏற்றுக்கொண்டார். முறைப்படி மூன்று முறை கை தட்டும் சத்தம். ஷனீல் வாயை மூடிக்கொண்டு இருந்த மிக நீண்ட நேரம் அதுதான்.

"ஒரே ஒரு கேள்வி, ராத்து. இந்த அறுபத்து மூணு நாள்ல, வேலைக்காகக் கடல் பக்கம் இறங்கணும்னு யாராவது உங்ககிட்ட அனுமதி கேட்டாங்களா?"

"கேட்டாங்களே. ரெண்டு வாரம் முன்னால தண்ணிக் குழாய்க்காரங்க வந்தாங்க. இதே மாதிரி ஒரு கட்டு வெச்சாங்க. போங்கப்பான்னு விட்டோம். வேலைன்னு வந்தா நாங்க ஏன் மறுக்கப் போறோம்?"

"ரயில் ஆளுங்க?"

"யாரும் வரல. ஈரோனிக்கு எங்க முறை தெரியும். அவன் எங்க பையன்தானே, என் அக்கா மகன். வேணும்னா வந்து கேட்டிருப்பான்."

அக்கனீசி தலை வணங்கினாள். "மூணு மணிக்குத் தண்டவாளத்துக்கு வரமுடியுமா, ராத்து? பெரியவங்களையும் கூட்டிட்டு வாங்க. ஈரோனிக்கு ஒரு சின்னப் பரீட்சை வைக்கப் போறேன்."

பெரியவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். ஊன்றுகோலைத் தேடினார்.

மூன்று மணி. தண்டவாளத்து ஓரம் ஷாமியானா. நிழலில் நகரசபை உறுப்பினர்கள் மூவர், குளிர்பானத்தோடு. நடுவில் மேனேஜர் தத், பேனா மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு. சற்றுத் தள்ளிப் போலீஸ் ஜீப், பர்மேஷ் முரண்டு பிடித்தால் ஏற்றிப்போக. பென்னிகாட் முழுக்கால் சட்டைக்கு மாறியிருந்தார். துக்கமான நிகழ்ச்சி என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

"போடுங்க கவுண்டர், எல்லாருக்கும் நேரமாகுது" என்றார் தத்.

பர்மேஷ் பேனாவை வாங்கவில்லை. அக்கனீசியைப் பார்த்தார்.

"ஒரு நிமிஷம் தத் சார்" என்றாள் அவள். "தண்டவாளத்துல குறையே இல்லைன்னுதானே உங்க ரிப்போர்ட்? எனக்கு அதுல சந்தேகமே இல்லை. மேஸ்திரி ஈரோனி அந்த இணைப்பைக் கழட்டி, சபையோர் முன்னால ஒரு தடவை சரியா மாட்டிக் காட்டினா, எழுதிக்கிட்டு நான் வீட்டுக்குப் போயிடுவேன். நீங்களும் சீக்கிரம் முடிச்சிடலாம்."

சீக்கிரம் என்ற சொல் தத்துக்குப் பிடித்திருந்தது. "ஈரோனி, மாட்டுப்பா."

ஈரோனி முன்னால் வந்தான். நாற்பத்தைந்து வயது, தேக்குக் கட்டை மாதிரி உடம்பு. செவ்வாய்க்கிழமை ரிப்போர்ட்டில் முதல் கையெழுத்து அவனுடையது. ஸ்பேனரோடு ஊர்ப் பக்கத்தில் மண்டி போட்டு நான்கு போல்ட்டையும் கழற்றினான். முதல் போல்ட்டைக் கடல் பக்கமிருந்து எட்டிச் செருகி, நட்டை இந்தப் பக்கம் முறுக்கினான். மளமளவென்று வேலை. இருபது வருஷப் பழக்கம்.

இரண்டாவது போல்ட்டில் அவன் கை நின்றது.

அது மறுபக்கம் போகவேண்டிய நட்டு. அவன் குனிந்து, தண்டவாளத்தின் மேல் சாய்ந்து, நட்டை அந்தப் பக்கம் பிடித்துப் பார்த்தான். ஸ்பேனர் வழுக்கியது. பழைய கீறல்களுக்குப் பக்கத்திலேயே புதுசாக ஒரு கீறல், மேலிருந்து கீழாக. மறுபடி எட்டினான். நட்டு கையிலிருந்து நழுவி மணலில் விழுந்து, தடைசெய்யப்பட்ட மண்ணில் இரண்டு அடி உருண்டது.

ஈரோனியின் முதுகில் சட்டை நனைந்து ஒட்டியது.

"என்ன மேஸ்திரி?" என்றாள் அக்கனீசி. "அந்தப் பக்கம் போய் மாட்டுங்களேன். நிழல் கூட அங்கதான் இருக்கு."

"தடை இருக்கு மேடம்."

"அப்போ செவ்வாய்க்கிழமை மாதிரியே நாலையும் இந்தப் பக்கம் போட்டு முடிச்சிடுங்க."

"செவ்வாய்க்கிழமையா? நான் எதையும்..." ஈரோனி சட்டென்று நிறுத்தினான்.

பெரியவர்களின் வரிசையிலிருந்து ராத்து செமேசா ஊன்றுகோலை ஊன்றி ஓர் அடி முன்னால் வந்தார். கோபமே இல்லாத குரல்.

"கேளேன் ஈரோனி. நான் இங்கதானே நிக்கிறேன். வேலைக்காக அந்தப் பக்கம் இறங்கணும்னு கேளு. குழாய்க்காரனை விட்டோம். உன்னை விடமாட்டோமா?"

ஈரோனி ஸ்பேனரைக் கீழே வைத்தான். தலை குனிந்தது.

"இதுதான் கதை" என்றாள் அக்கனீசி, சபையைப் பார்த்து. "செவ்வாய்க்கிழமை இந்த இணைப்பை யாரோ கழட்டி மாட்டியிருக்காங்க. நேர்மையான வேலைக்கு வந்தவனா இருந்தா, ராத்துகிட்ட ஒரு வேர்க்கட்டை வெச்சுக் கேட்டுட்டு அந்தப் பக்கம் இறங்கியிருப்பான். வெளியூர்க்காரனா இருந்தா, கேக்காமலேயே இறங்கியிருப்பான், சேரும் போட்டிருப்பான். கேக்கவும் முடியாம, இறங்கவும் முடியாம, வெயில்ல மண்டி போட்டவன் ஒருத்தன்தான் இருக்கமுடியும். நகேலேக்காரன், ரயில் வேலை தெரிஞ்சவன், ரயில் கவுந்ததும் எல்லாரையும் அனுப்பிட்டுத் தனியா நின்னவன். மேஸ்திரி தண்டவாளத்துகிட்ட மண்டி போட்டா யார் என்ன கேப்பாங்க?"

தத் பேனா மூடியைத் தேடினார். அது கிடைக்கவில்லை.

"பொட்டி சாயும், யாருக்கும் ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னாரு" என்றான் ஈரோனி, தரையைப் பார்த்துக்கொண்டே. "புது லைனுக்கு நீதான் சூப்பர்வைசர்னு சொன்னாரு."

"யார் சொன்னா?" என்றார் பென்னிகாட், யாரும் தன்னைக் கேட்காதபோதே. "இந்த ஆளை நான் பார்த்ததே இல்லை!"

அதுதான் அவர் செய்த தவறு. அதுவரை பயந்திருந்த ஈரோனிக்கு இப்போது ரோஷம் வந்தது. சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக மடித்து வைத்த ஒரு கடிதத்தை எடுத்தான். கம்பெனி முத்திரை, நியமனம், கீழே பென்னிகாட்டின் கொழுத்த கையெழுத்து. தேதி திங்கட்கிழமை. கடலோரத்தைக் காலி செய்ய வந்த மகா புத்திசாலி, குற்றத்துக்கு முந்தின நாள் எழுத்துமூலம் உத்தரவு கொடுத்திருந்தார்.

"பார்க்காத ஆளுக்கே வேலை குடுக்கறாரு பாஸ்" என்றான் ஷனீல். "என்ன தாராள மனசு!"

நகரசபை உறுப்பினர்கள் மூவருக்கும் ஒரே சமயத்தில் வேறு அவசர வேலை ஞாபகம் வந்தது. தீர்மானத்தைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை. ஜீப்பில் வந்திருந்த போலீஸ் இன்ஸ்பெக்டர், பென்னிகாட்டின் முழங்கையைப் பிடித்து ஜீப்பின் பக்கம் நடத்தினார். தத் வியர்வையைத் துடைத்துக்கொண்டு பல்லைக் காட்டினார்.

"கவுண்டர், நான் எப்பவுமே உங்களை நம்பினேன். நாளைக்குக் காலையில முதல் வண்டியை நீங்கதான் எடுக்கணும்."

பர்மேஷ் நேரே ராத்து செமேசாவிடம் போய், செருப்பைக் கழற்றி, தலை குனிந்து நின்றார்.

"வண்டி ஓடணும் ராத்து. நட்டு மாட்ட அந்தப் பக்கம் இறங்கலாமா? கையில வேர்க்கட்டு கொண்டுவரல, மன்னிக்கணும்."

"தாராளமா இறங்குய்யா" என்றார் பெரியவர். "சாயங்காலம் வீட்டுக்கு வா, குடிப்போம். உன்னைக் குடிகாரன்னு சொன்ன மேனேஜரையும் கூட்டிட்டு வா."

பர்மேஷ் தண்டவாளத்தைத் தாண்டினார். வெறுங்காலால் மணலில் இறங்கி, உருண்டு கிடந்த நட்டை எடுத்து ஊதினார். மண்டி போட்டு எதிரே பார்த்தார். இந்த வேலையைச் சரியாகச் செய்ய இரண்டு பேர் வேண்டும். ஒருவன் நட்டை முறுக்க, மறுபக்கம் ஒருவன் போல்ட்டின் தலையை அசையாமல் பிடிக்கவேண்டும். கூட்டத்தில் நின்ற கேங் ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒருவரும் நகரவில்லை.

ஊர்ப் பக்கத்தில் ஈரோனி இன்னும் மண்டி போட்டபடியே இருந்தான்.

"தலையைப் பிடி" என்றார் பர்மேஷ்.

ஈரோனி நிமிர்ந்து பார்க்காமல் பிடித்தான். இருவருக்கும் நடுவில் ஒரு சாண் இரும்பு. கான்ஸ்டபிள் விலங்கோடு அவன் பின்னால் வந்து நின்றார். அக்கனீசி விசிறியை உயர்த்தி அவரைத் தடுத்தாள். நாலாவது நட்டும் இறுகும்வரை யாரும் ஈரோனியைக் கூப்பிடவில்லை.